பூனையின் தீராத் தடிமன்: ஹேர்ப்பீஸ் வைரஸோடு வாழும் பூனையைப் பராமரித்தல்

பூனை ஹேர்ப்பீஸ் வைரஸ், பூனையின் மூக்கு, தொண்டை, கண் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தாக்கும் கிருமி. 1958இல் அமெரிக்காவில் கிராண்டல், மௌரர் என்ற ஆய்வாளர்கள் தடிமன் பிடித்த பூனைகளிடமிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தனர். மனிதருக்கு உதட்டோரம் கொப்புளம் போடும் வைரஸும் கொப்புளிப்பான் வைரஸும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் பூனையின் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. மனிதருடையது பூனைக்கும் தொற்றாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் தும்முகிற பூனையைத் துரத்திவிட இந்த வைரஸ் ஒரு காரணமே அல்ல.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களில் பூனை ஒரு வளவுக்கு மட்டும் உரியதாக இருப்பது குறைவு. காலையில் ஒரு வீட்டுக் குசினியில் தின்று, பகலில் மீன் வாடியில் சுற்றி, இரவில் இன்னொரு வீட்டு விறாந்தையில் படுத்துறங்கும். பூனை அசுத்தமான பிராணி அல்ல, வீட்டுக்குள் சுற்றித் திரிபவற்றில் ஒன்று என்று அபூ கதாதா வழியாக வரும் ஹதீஸை அறிந்த மக்கள் அதற்குக் கதவை அடைப்பதில்லை. அந்த அன்பு நல்லது. ஆனால் இப்படித் திரியும் பூனைகளிடையே ஹேர்ப்பீஸ் எளிதில் பரவும் என்பதையும், வளர்ந்த பூனைகளில் பல ஏற்கெனவே அதைச் சுமந்திருக்கக்கூடும் என்பதையும் மனதில் கொண்டே பராமரிப்பைத் திட்டமிட வேண்டும்.

வைரஸ் ஒளிந்திருக்கும் இடம்

வைரஸ் உடலுக்குள் போய் 2 முதல் 6 நாட்களில் அறிகுறி தெரியும். காய்ச்சல், தொடர்ந்த தும்மல், முதலில் தண்ணீராகவும் பின்பு மஞ்சளாகவும் வரும் மூக்குச்சளி, இரண்டு கண்ணிலும் நீரும் பீளையும், சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை அவை. வேறு சிக்கல் சேராவிட்டால் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பூனை தேறிவிடும். வீட்டார் நோய் போய்விட்டது என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையில் வைரஸ் போவதில்லை. முகத்துக்கு உணர்வு கொடுக்கும் முக்கிளை நரம்பின் திரட்டுக்குள் அது நுழைந்து அடங்கிக் கிடக்கிறது. அங்கே அது பெருகாது, நோயையும் காட்டாது, நோய் எதிர்ப்புச் சக்திக்கும் மருந்துக்கும் அகப்படாது. தொற்றுக்கு ஆளான பூனைகளில் ஏறத்தாழ 80 வீதமானவை இப்படி ஆயுள் முழுவதும் வைரஸைச் சுமக்கின்றன. அவற்றில் பாதியளவு எப்போதாவது மீண்டும் வைரஸை வெளியேற்றும். சில பூனைகளில் அது வெளித்தெரியாமல் நடந்து முடியும். சிலவற்றில் ஒவ்வொரு முறையும் கண்ணும் மூக்கும் பழைய நிலைக்குத் திரும்பும்.

அடங்கிக் கிடப்பதை எழுப்புவது எது என்பதை 1977இல் பிரித்தானியாவில் கஸ்கெல், போவி ஆகியோர் வெளியிட்ட பரிசோதனை தெளிவாக்கியது. குணமான பூனைகளைப் புதிய கூட்டுக்கு மாற்றியபோது ஐந்தில் ஒன்று வைரஸை வெளியேற்றத் தொடங்கியது. குட்டி போட்டுப் பால் கொடுத்தவற்றில் ஐந்தில் இரண்டு அவ்வாறு செய்தது. ஸ்டீரொயிட் ஊசி போட்டவற்றில் பத்தில் ஏழு. இந்த மூன்று எண்களும் இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடித்தளம். இடமாற்றம், தாய்மை, ஸ்டீரொயிட் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் வீட்டில் நோய் திரும்பும் தடவைகள் குறையும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நெருக்கடி நேர்ந்த அன்றே பூனை தும்மத் தொடங்காது. வைரஸ் விழித்து நரம்பு வழியே மூக்குக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். அதன்பின் ஒரு வாரம், சிலவேளை இரண்டு வாரம் வெளியேறும். ஆகவே இன்று தும்மும் பூனைக்குக் காரணம் தேடுபவர் நேற்றைய நாளைப் பார்க்காமல் சென்ற வாரத்தைப் பார்க்க வேண்டும்.

தடிமன் எல்லாம் ஹேர்ப்பீஸ் அல்ல

வாயிலும் நாக்கிலும் புண், எச்சில் வடிதல், நொண்டுதல் என்றால் கலிசி வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கண் மட்டும் சிவந்து இமைக்குள் சவ்வு பந்துபோல் வீங்கி, சில நாளில் மறுகண்ணுக்கும் போனால் கிளமிடியா என்ற பக்ரீரியா காரணமாகலாம்; அதற்கு நான்கு வாரம் வரை டொக்சிசைக்கிளின் தேவைப்படும். ஒரே நாசியிலிருந்து மட்டும் சளி அல்லது இரத்தம் வந்தால் மீன்முள்ளோ புல்விதையோ சிக்கியிருக்கலாம். முதிய பூனையில் கட்டியும் இருக்கலாம். ஹேர்ப்பீஸின் தனி அடையாளம் கண்ணில்தான் இருக்கிறது. விழிவெண்படலத்தில் கிளை பிரிந்த கோடுபோல் வரும் புண் இந்த வைரஸைத் தவிர வேறொன்றாலும் பூனைக்கு வருவதில்லை என்றே கொள்ளலாம். மூக்குத் தண்டிலும் கண்ணைச் சுற்றியும் ஆறாத புண்ணாகவும் சிலவேளை இது வெளிப்படும். கடுவன்கள் சண்டையிட்ட காயம் என்று நினைத்து ஸ்டீரொயிட் கலந்த களிம்பு பூசுபவர்கள் அந்தப் புண்ணை இன்னும் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

ஆய்வுகூடத்தில் பி.சி.ஆர். பரிசோதனை செய்யலாம். ஆனால் வைரஸ் இருப்பதாக முடிவு வந்தாலும் இப்போதைய நோய்க்கு அதுதான் காரணம் என்று ஆகாது; சுமந்து திரியும் நலமான பூனையிலும் அப்படி வரும். இல்லை என்று வந்தாலும் நரம்புத் திரட்டில் அது இல்லை என்று பொருளாகாது. செலவழித்துப் பெறும் அந்த முடிவைவிட, நோய் எப்போதெல்லாம் வந்தது என்று எழுதிவைத்த ஒரு கொப்பி வைத்தியருக்குக் கூடுதலாக உதவும்.

ஒரு எச்சரிக்கை. வழமையாகச் சாந்தமான பூனை திடீரென மூர்க்கமாகி, எச்சில் வடித்து, தள்ளாடினால் அதைத் தடிமன் என்று எண்ணித் தூக்கக்கூடாது. நீர்வெறுப்பு நோயாக இருக்கலாம். எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

கரையோரத்தின் நோய்க் காலங்கள்

நோய் திரும்பும் காலங்களை இந்தப் பிரதேசத்தில் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். ஐப்பசி கடைசியில் தொடங்கி தை வரை நீளும் மாரியில் பூனைகள் வெளியே போக வழியின்றி ஒரே விறாந்தையில் நெருங்கிக் கிடக்கும். தரை ஈரம், வாடைக் காற்று, அந்நியப் பூனையோடு ஒரே மூலையைப் பகிரவேண்டிய நெருக்கடி எல்லாம் சேரும். வெள்ளம் வந்து வீடு மாறினால் அது முழுமையான இடமாற்றமே. வைகாசியிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னொரு வகையில் தொல்லை தரும். அது வைரஸை எழுப்பாவிட்டாலும், அது கொண்டுவரும் வறட்சியும் புழுதியும் ஏற்கெனவே புண்பட்ட மூக்கையும் கண்ணையும் உறுத்தும்.

நோன்பு மாதத்தில் வீட்டின் ஒழுங்கு தலைகீழாகிறது. சஹர் வேளையில் விளக்கும் நடமாட்டமும், பகலில் அடுப்பெரியாத குசினி, இஃப்தாருக்கு விருந்தினர், இரவு நெடுநேர விழிப்பு. மனிதருக்கு இது இபாதத்தின் மாதம்; பழக்கத்தை நம்பி வாழும் பூனைக்கோ காரணம் விளங்காத மாற்றம். பூனையின் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். காலையில் ஏழு மணிக்குத் தின்னும் பூனைக்கு நோன்பிலும் ஏழு மணிக்கே வைக்க வேண்டும். நோன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால் 2029, 2030 ஆண்டுகளில் அது ஜனவரியில், மாரிக்குள்ளேயே வந்துவிடும். நோய் அடிக்கடி திரும்பும் பூனை உள்ள வீடுகள் அந்த ஆண்டுகளுக்கு இப்போதே மருந்தும் தனியறையும் யோசித்து வைப்பது நல்லது. பெருநாட்களில் வரும் பிள்ளைகள் கூட்டம், வெடிச்சத்தம், குர்பான் நாட்களில் வளவில் கட்டிய ஆடு மாடு ஆகியவையும் இதே கணக்கில் சேரும். பூனை ஏறி ஒளிந்துகொள்ள உயரமான அலுமாரித் தட்டு அல்லது பக்கத்தில் ஓட்டை வெட்டிய மட்டைப்பெட்டி ஒன்றை விருந்தினர் போகாத அறையில் வைத்துவிட்டால் போதும். ஒளிய இடமுள்ள பூனைக்கு நெருக்கடி குறைவு.

கொழும்பிலிருந்து வாகனத்தில் வரும் பேர்சியன் குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாயைப் பிரிந்து, நீண்ட பயணம் செய்து, புதிய வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் அவை தும்மத் தொடங்கினால் வியப்பில்லை. தட்டை மூக்கும் பிதுங்கிய கண்ணும் உள்ள இந்த இனத்தில் விழிவெண்படலத்தில் கறுப்புப் பொருக்கு உருவாவதும் கூடுதல். வாங்குபவர் குட்டிக்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேட்டுப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

முதல் இரண்டு நாள்

தும்மலும் கண்ணீரும் திரும்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை பூனையைச் சாப்பிட வைப்பது. மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது. மணம் தெரியாத உணவை அது தொடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்து வரும். ஆகவே வளர்ந்த பூனை ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியரை அழைக்க வேண்டும். இரண்டாம் நாளைத் தாண்டவே விடக்கூடாது. குட்டி என்றால் அரை நாளே அதிகம்.

மணம் தூக்கலான உணவை உடற்சூட்டுக்கு இளஞ்சூடாக்கிக் கொடுப்பது நல்ல வழி. உப்பில்லாமல் அவித்த சூரையைப் பிசைந்து, அவித்த நீரையே மேலே ஊற்றி வைத்தால் பெரும்பாலான பூனைகள் நக்கவாவது தொடங்கும். கறிச்சட்டியில் எஞ்சிய மீனைக் கொடுக்கக்கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். கருவாட்டின் உப்பும் ஆகாது. மீனையே மாதக்கணக்கில் தனி உணவாகக் கொடுப்பதும் பிழை: எண்ணெய் மிகுந்த மீனை மட்டும் தின்னும் பூனைக்கு உயிர்ச்சத்து ஈ குறைந்து உடற்கொழுப்பு அழற்சி வரும். நோய்நாளில் ஆசையைத் தூண்டத்தான் மீன். நல்ல நாளில் முழுமையான பூனை உணவே அடிப்படை.

கண்ணையும் மூக்கையும் ஒரு நாளில் மூன்று நான்கு முறை துடைக்க வேண்டும். பாமசியில் வாங்கும் சேலைன் சிறந்தது. இல்லையேல் கொதித்தாறிய நீர். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். தேயிலைச் சாயம், தாய்ப்பால், தேன், தேங்காய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பக்ரீரியாவுக்கு அவை உணவாகிவிடும். மூக்கடைப்புக்குக் குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்த அறையில் பூனையோடு பத்து நிமிடம் இருப்பது உதவும். வீட்டில் நெபுலைசர் இருந்தால் சேலைன் மட்டும் ஊற்றிப் பயன்படுத்தலாம். கற்பூரம், மென்தோல், யூக்கலிப்ரஸ் சேர்ந்த தைலங்களை ஆவியிலும் கலக்கக்கூடாது, மார்பிலும் பூசக்கூடாது. நக்கி உள்ளே போனால் அவை நஞ்சு. நோயான பூனை இருக்கும் அறையில் நுளம்புத்திரியும் சாம்பிராணியும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நீண்டகால நோயில் மிகப் பயனுள்ள பழக்கம். கூடைக்குள் பூனையை வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து எழுதிவைக்கலாம். நான்கு கிலோ பூனை 200 கிராம் இழந்தால் கண்ணுக்குத் தெரியாது, கொப்பியில் தெரியும்.

கண்ணுக்கு அவசரம்

இந்த நோயில் பூனை உயிரிழப்பதைவிடக் கண்ணை இழப்பதே வழமை. கண்ணைச் சுருக்கி மூடிக்கொள்ளுதல், வெளிச்சத்துக்கு முகம் திருப்புதல், விழியில் நீலம் அல்லது வெண்மை படர்தல், கபிலமோ கறுப்போ ஆன புள்ளி, இமை விழியோடு ஒட்டுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். குட்டிகளில் இமைச்சவ்வு விழியோடு ஒட்டி ஆறிவிட்டால் பின்பு அதை முழுமையாகப் பிரிப்பது கடினம். பச்சைச் சாயம் விட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனையிலேயே புண் தெரிந்துவிடும். அந்தச் சாயம் விடாமல் கண் துளி எழுதித் தருபவரிடம், சாயம் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்பது வளர்ப்பவரின் உரிமை.

பாமசியில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி வாங்கும் மனிதத் துளிகளில் பல டெக்ஸாமெதசோன், பெற்றமெதசோன், பிரெட்னிசொலோன் ஆகிய ஸ்டீரொயிட்களில் ஒன்றைக் கொண்டவை. முதல் நாளில் சிவப்பு குறைந்து கண் தேறியதுபோல் காட்டும். உள்ளே வைரஸ் தடையின்றிப் பெருகிப் புண் ஆழமாகும். விழி துளைபடவும் கூடும். லேபலில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அதைப் பூனையின் கண்ணில் விடக்கூடாது. வீட்டில் மிச்சமிருந்த துளியை எடுத்துவிடும் பழக்கத்தால் பார்வை போன பூனைகள் ஏராளம், அவை எல்லாமே காப்பாற்றியிருக்கக்கூடியவை.

வைரஸுக்கு எதிரான கண் மருந்துகளில் சிடோபோவிர் 0.5 வீதத் துளியை நாளுக்கு இருமுறை விட்டால் போதும். கன்சிக்ளோவிர் 0.15 வீத ஜெல், ஐடொக்சியுரிடின் 0.1 வீதத் துளி ஆகியவற்றை நாளுக்குப் பலமுறை விட வேண்டும். ஐடொக்சியுரிடினுக்கு ஐந்தாறு தடவை. எளிதில் கிடைக்கும் அசிக்ளோவிர் 3 வீதக் கண் களிம்பு இவற்றைவிட வலுக்குறைந்தது. வேறு வழியில்லாதபோது வைத்தியர் அதைச் சொன்னால் நாளுக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் போட்டால்தான் பலன் உண்டு. இங்கே தொழுகை நேரங்கள் நல்ல நினைவூட்டல். சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா என ஒவ்வொரு வக்துக்கும் ஒருமுறை போட்டால் ஐந்து ஆகிவிடும். சுபஹுக்கும் ளுஹருக்கும் இடையே இடைவெளி நீளம் என்பதால் காலை ஒன்பது மணிக்கு ஒன்றைச் சேர்த்தால் ஆறு. பக்ரீரியாவும் சேர்ந்திருந்தால் அதற்கான துளியைத் தனியாக, ஐந்து நிமிட இடைவெளி விட்டு விட வேண்டும். காலால் கண்ணைத் தேய்க்கும் பூனைக்குக் கழுத்தில் கூம்புக் கவசம் அவசியம்.

குளிசைகள்: உதவுவதும் கொல்வதும்

உட்கொள்ளும் மருந்துகளில் நம்பத்தக்கது பம்சிக்ளோவிர். மனிதருக்கு அக்கி நோய்க்குக் கொடுக்கும் அதே குளிசை. பூனைக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் அளவு உடலெடை கிலோவுக்கு 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை. நான்கு கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 360 மில்லிகிராம் வரும். உருவத்துக்கு இது பெரிய அளவாகத் தோன்றும். பூனையின் ஈரல் இந்த மருந்தை அதன் செயற்படும் வடிவுக்கு மாற்றுவதில் மந்தமானது என்பதே காரணம். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டியிருப்பதால் வைத்தியரின் கணக்கு இல்லாமல் தொடங்கக்கூடாது. நோய் திரும்பிய முதல் ஓரிரு நாளில் தொடங்கினால் பலன் அதிகம். ஆண்டுக்குப் பலமுறை நோய் திரும்பும் பூனைக்கு வைத்தியரிடம் துண்டு எழுதி வாங்கி, பாமசியில் முன்பே சொல்லி ஒரு சுற்று மருந்தை வீட்டில் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

பெயரில் இதற்கு நெருங்கிய வலசிக்ளோவிர் பூனைக்குக் கொடிய நஞ்சு. பரிசோதனையில் அதைக் கொடுத்த பூனைகளின் ஈரலும் சிறுநீரகமும் எலும்பு மச்சையும் பழுதடைந்தன. அசிக்ளோவிர் குளிசையும் வேண்டாம். பம்சிக்ளோவிர் இருப்பில் இல்லை, "இதுவும் அதுதான்" என்று வேறொன்று தரப்பட்டால் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பனடோல் என்று எல்லா வீட்டிலும் இருக்கும் பரசிற்றமோல் இதைவிடப் பெரிய ஆபத்து, ஏனெனில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காய்ச்சல் என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதைச் செரித்து வெளியேற்றும் நொதியம் பூனைக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலை இழந்து, முரசு கபிலமாகி, முகம் வீங்கி, மூச்சுத்திணறும். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம், பிள்ளைகளின் பாணியும் வேண்டாம்.

பக்ரீரியாத் தொற்றுக்கு டொக்சிசைக்கிளின் தரப்பட்டால் கப்சூலை வறண்ட தொண்டையில் விடக்கூடாது. உணவுக்குழாயில் தங்கி அரித்துச் சுருக்கத்தை உண்டாக்கும். கொடுத்தவுடன் ஊசி போடும் சிரிஞ்சால் ஐந்தாறு மில்லிலீற்றர் நீர் புகட்ட வேண்டும், அல்லது ஒரு வாய் உணவு.

லைசின் பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் இது ஹேர்ப்பீஸுக்கு மருந்தாக விற்கப்பட்டது. 2015இல் வந்த முறையான ஆய்வுத் தொகுப்பு, அது நோயைத் தடுக்கவும் இல்லை, குணப்படுத்தவும் இல்லை என்று முடிவு கூறியது; சில ஆய்வுகளில் லைசின் சேர்த்த உணவு தின்ற பூனைகளின் நிலை மோசமாகவும் இருந்தது. அந்தப் பணத்தில் நல்ல உணவு வாங்கலாம்.

மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் உள்ள மிருக வைத்திய அலுவலகங்களின் அன்றாடப் பணி பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி சார்ந்தது. கண்ணில் ஆழமான புண்ணோ கறுப்புப் பொருக்கோ வந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா மருத்துவமனையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கல்முனையிலிருந்து அங்கே போவது மலையேறும் நீண்ட பயணம் என்பதால், முதலில் தொலைபேசியில் பேசி, கண்ணின் தெளிவான படங்களை உள்ளூர் வைத்தியர் மூலம் அனுப்பிவிட்டுப் புறப்படுவதே முறை. பயணமே ஒரு நெருக்கடி. கூடையைத் துணியால் மூடி, வீட்டில் அது படுத்த விரிப்பையே உள்ளே போட வேண்டும்.

மாறாத மூக்கடைப்பு

குட்டிப் பருவத்தில் கடுமையாகத் தாக்கப்பட்ட சில பூனைகளில் மூக்குக்குள் இருக்கும் மெல்லிய சுருள் எலும்புகள் அரிபட்டுவிடும். வைரஸ் அடங்கிய பின்னும் சளி தேங்கி, பக்ரீரியா குடியேறி, ஆண்டு முழுவதும் குறட்டையும் கட்டிச் சளியும் தொடரும். இந்தப் பூனை முழுமையாகக் குணமாகாது என்பதை வளர்ப்பவர் ஏற்றுக்கொண்டால்தான் சரியான பராமரிப்பு தொடங்கும். ஆவி, சேலைன், மென்மையான உணவு, சளி மஞ்சளாகிக் காய்ச்சல் வரும்போது மட்டும் அன்ரிபயோரிக். ஒவ்வொரு தும்மலுக்கும் அன்ரிபயோரிக் கொடுத்தால் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. மலங்கழிக்கும் தட்டுக்குத் தூசி பறக்கும் மண்ணைவிடக் கழுவிக் காயவைத்த பருமணல் நல்லது. கடற்கரை ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை. வாய் திறந்து மூச்சுவிட்டால் மட்டும் காத்திருக்கவே கூடாது.

மற்றப் பூனைகளைக் காத்தல்

வைரஸ் பெரும்பாலும் நேரடித் தொடுகையாலும் பொதுவான சாப்பாட்டுக் கோப்பையாலும் பரவுகிறது. தும்மலின் துளிகள் ஒன்று ஒன்றரை மீற்றர் வரை போகும். உடலுக்கு வெளியே அது பலவீனமானது: ஈரத்தில் ஏறத்தாழ 18 மணித்தியாலம், காய்ந்த இடத்தில் அதைவிடக் குறைவு. சவர்க்காரமும் வெயிலும் அதை அழித்துவிடும். கலிசி வைரஸும் இருக்கலாம் என்பதால் ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு 32 பங்கு நீர் கலந்து தரையைத் துடைத்து, காய்ந்த பின் பூனையை விடுவது பாதுகாப்பு. நீரில் ஊற்றியதும் பாலாக வெளுக்கும் பீனோல் வகைக் கிருமிநாசினிகளைப் பூனை நடக்கும் தரையில் பயன்படுத்தக்கூடாது. பாதத்தை நக்கும்போது நஞ்சாகும்.

புதிதாக வரும் பூனையை மூன்று வாரம் தனியறையில் வைக்க வேண்டும். பயண நெருக்கடியால் வைரஸ் விழிக்க ஒரு வாரம், வெளியேறி முடிய இரண்டு வாரம் என்ற கணக்கிலிருந்தே இந்த மூன்று வாரம் வருகிறது. தனியாக அடைப்பதென்றால் உணவும் நீரும் மலத்தட்டும் ஒளியிடமும் உள்ளே இருக்க வேண்டும், நாளில் சில தடவை யாராவது போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூனையை அடைத்துவைத்து உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. அந்த அமானிதம் நோயான பூனைக்கும் பொருந்தும். தும்முகிறதென்று சாக்கில் போட்டு மீன் சந்தையில் விட்டுவருவதால் நோய் ஒழிவதில்லை. பயமும் பட்டினியும் சேர்ந்து அந்தப் பூனையில் வைரஸைக் கிளப்பும். சந்தைப் பூனைகள் வழியாக அது மீண்டும் வளவுகளுக்கே வரும்.

குட்டிகளுக்கு வைரஸ் வரும் பெருவழி தாய். பால் கொடுக்கும் தாய் வெளித்தெரியாமல் வைரஸை வெளியேற்றும்போது, தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டிகளில் தேய்ந்துகொண்டிருக்கும். நோயைச் சுமக்கும் பெண்பூனைக்குக் கருத்தடை செய்தால் இந்தச் சுற்று அறுபடும். கடுவனுக்குச் செய்தால் சண்டையும் ஊர்சுற்றலும் குறையும். மார்க்க ரீதியான தெளிவு வேண்டுவோர் ஊர் உலமாவிடம், பூனையின் நோயையும் விளக்கிச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். சத்திரசிகிச்சையும் ஒரு நெருக்கடி என்பதால் நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மாரிக்கு வெளியே அதைச் செய்விப்பது நல்லது.

தடுப்பூசி

ஹேர்ப்பீஸ், கலிசி, பூனைக் குடலழற்சி வைரஸ் மூன்றுக்கும் எதிரான முக்கூட்டுத் தடுப்பூசி எல்லாப் பூனைக்கும் அவசியமானது என்று உலகச் சிறு பிராணிகள் மிருக வைத்தியர் சங்கம் வகுத்திருக்கிறது. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் கடக்கும்வரை போட வேண்டும். பின்பு ஆறு மாதம் நிறைந்ததும் ஒன்று. அதன்பின் வீட்டுக்குள்ளேயே தனியாக வாழும் பூனைக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். வெளியே திரியும், பல பூனைகளோடு பழகும் பூனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை. இந்தக் கரையோரத்துப் பூனைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

தடுப்பூசி தொற்றை முற்றாகத் தடுக்காது, நரம்பில் ஒளிந்த வைரஸை வெளியேற்றவும் செய்யாது. அது நோயின் கடுமையைக் குறைக்கும், கண்ணைக் காக்கும், குட்டிச் சாவைக் குறைக்கும். "தடுப்பூசி போட்டும் தும்முது" என்ற குறை இந்த வேறுபாட்டை அறியாததால் வருவது. ஏற்கெனவே நோயைச் சுமக்கும் பூனைக்கும் தடுப்பூசி தேவை. காய்ச்சலும் தும்மலும் அடங்கிய பின் போட வேண்டும். மாரிக்கு முன்னால், புரட்டாசி ஐப்பசியில் போட்டுவிட்டால் நெருக்கடி மாதங்களுக்குள் எதிர்ப்புச் சக்தி தயாராகிவிடும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி இதற்குள் அடங்காது; அதைத் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.